கடலில்லாத ஊரும் கடல் கடந்தவர்களும்

தென்காசியிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் கிழக்கே தூத்துக்குடிக்கோ, புளியரை, ஆரியங்காவு கணவாயைத் தாண்டி மேற்கே கொல்லத்துக்கோ ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் போக வேண்டும். இங்கே தண்ணீர் என்றால் குற்றாலத்து அருவியும் சிற்றாறும்தான். ஆனாலும் இந்த மாவட்டத்துக் குடும்பங்களின் வரலாற்றில் கடலுக்குப் பெரிய பங்கு உண்டு. கடையநல்லூரில் சிங்கப்பூர், மலேசியா உறவு உள்ள வீடுகள் ஏராளம். அதே கடையநல்லூரை அடுத்த போகநல்லூரில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. பிழைப்புக்காகக் கடல் கடந்து போனவர்களின் பேரப்பிள்ளைகளும், உயிருக்காகக் கடல் கடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் ஒரே பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார்கள்.

2022 செப்டம்பரில் கொல்லத்தில் ஒரு விடுதியில் தங்கியிருந்த 11 இலங்கைத் தமிழர்களைக் கேரளக் காவல்துறை பிடித்தது. படகில் வெளிநாடு போகக் காத்திருந்தவர்கள். பெரும்பாலோர் தமிழ்நாட்டு முகாம்களில் இருந்து போனவர்கள். இப்படி ஒரு செய்தி வந்தால் நம் பக்கத்து டீக்கடைகளில் சில பேச்சுகள் தவறாமல் வரும். பேசுகிறவர்கள் கெட்டவர்கள் அல்ல. தெரிந்ததை வைத்துப் பேசுகிறார்கள். தெரிந்தது போதவில்லை என்பதுதான் என் கவலை.

“கடல்னா என்னன்னு தெரியாம போறாங்க”

தெரியாமல் போகிறவர்கள் என்று நினைத்துவிட்டால் நமக்கு மனம் லேசாகிவிடும். விழிப்புணர்வு ஊட்டினால் போதும் என்று முடித்துக்கொள்ளலாம். ஆனால் முகாமில் இருக்கும் மூத்தவர்களில் மிகப் பலர் இந்தியாவுக்கு வந்ததே படகில்தான். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகும், 1990இல் போர் மீண்டும் வெடித்தபோதும், 2006க்குப் பிந்தைய கடைசிக் கட்டப் போரின்போதும், இரவில், விளக்கில்லாத படகுகளில், கடற்படையின் கண்ணுக்குத் தப்பி வந்தவர்கள். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அந்தக் குறுகிய கடலிலும் உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் உண்டு. கடலைப் பற்றி அவர்களுக்கு நாம் பாடம் எடுக்க முடியாது.

ஆஸ்திரேலியா அப்படி ஒரு பாடத்தை எடுத்துப் பார்த்தது. 2013இல் படகுகளைத் தடுக்கும் ராணுவ நடவடிக்கையைத் தொடங்கி, கொந்தளிக்கும் கடலில் ஒரு சிறு படகு தத்தளிக்கும் படத்தைப் போட்டு, இங்கே உங்களுக்கு வாழ இடமில்லை என்ற பொருளில் பல மொழிகளில் விளம்பரம் செய்தது. தமிழும் அதில் ஒன்று. அதற்குப் பிறகும் 2014 ஜூனில் புதுச்சேரிக் கரையிலிருந்து 157 தமிழர்களோடு ஒரு படகு கிளம்பியது. அவர்களில் சுமார் 50 பேர் குழந்தைகள். ஆஸ்திரேலியச் சுங்கத்துறைக் கப்பல் அவர்களை நடுக்கடலில் பிடித்து ஏறக்குறைய ஒரு மாதம் கப்பலிலேயே அடைத்து வைத்தது. பிறகு நவுரு தீவுக்கு அனுப்பியது. நடுக்கடலில் அப்படி அடைத்தது சட்டப்படி சரிதான் என்று 2015 ஜனவரியில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நான்கு நீதிபதிகள் ஒரு பக்கம், மூவர் மறுபக்கம்.

ஆஸ்திரேலியாவுக்குப் போகும் படகுகள் பெரிதும் குறைந்தது உண்மை. ஆனால் புறப்படுகிறவர்கள் நிற்கவில்லை, திசை மாறினார்கள். இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவுக்குச் சிலர் போனார்கள். 2021 அக்டோபரில் கனடாவை நோக்கிப் போன மீன்பிடிப் படகு ஒன்று பழுதாகி, பிரிட்டனும் அமெரிக்காவும் ராணுவத் தளம் வைத்திருக்கும் டியாகோ கார்சியா தீவில் 89 தமிழர்களைக் கொண்டு சேர்த்தது. அவர்களில் பலர் மூன்றாண்டுக்கு மேல் அங்கே கூடாரங்களில் கிடந்தார்கள். அவர்களை அப்படி வைத்திருந்தது சட்டவிரோதம் என்று 2024 டிசம்பரில் நீதிமன்றம் சொன்னது. அந்த மாதத்தில்தான் பெரும்பாலோரை பிரிட்டனுக்கு அழைத்துப் போனார்கள். 2022 நவம்பரில் கனடா போகும் கனவோடு ஏறிய 303 பேரின் கப்பல் தென்சீனக் கடலில் மூழ்கும் நிலைக்கு வந்தது. ஜப்பானியக் கப்பல் ஒன்று அவர்களை மீட்டு வியட்நாமில் இறக்கியது. திரும்பி இலங்கைக்குப் போக மாட்டோம் என்று கலங்கியவர்களில் ஒருவர் அங்கேயே உயிரை மாய்த்துக்கொண்டார்.

அவரைக் கடலை அறியாதவர் என்று சொல்ல முடியுமா? கடலிலிருந்து காப்பாற்றப்பட்டு, கரையில், திரும்பிப் போகும் நாளை நினைத்து அஞ்சியவர் அவர்.

“இங்கதான் கெவர்மெண்ட்டு எல்லாம் குடுக்காங்கல்லா, அப்புறம் என்ன?”

இந்தக் கேள்விக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். நம் ஊரில் இருந்துகொண்டு நாம் அதிகம் அறியாதது இதுதான்.

1983 ஜூலை முதல் 2012 ஆகஸ்ட் வரை இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு வந்த அகதிகள் 3,04,269 பேர் என்பது உள்துறை அமைச்சகத்தின் கணக்கு. பலர் திரும்பினார்கள், சிலர் வேறு நாடுகளுக்குப் போனார்கள். 2021 வாக்கில் தமிழ்நாட்டு முகாம்களில் ஏறக்குறைய 58 ஆயிரம் பேரும், வெளியே காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு 34 ஆயிரம் பேரும் இருந்தார்கள். அரசு கொடுப்பதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. 2021 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 317 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தார். இடிந்து கிடந்த வரிசை வீடுகளுக்குப் பதிலாக 7,469 புதிய வீடுகள், குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500. ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியதும் அப்போதுதான். உலகில் பல அகதிகளுக்குக் கிடைக்காத அக்கறை இது. தமிழ்நாடு இதற்காகப் பெருமைப்படலாம்.

ஆனால் முகாமில் பிறந்து, இங்குள்ள அரசுப் பள்ளியில் படித்து, கல்லூரி முடித்த ஒரு பையனை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. இந்திய பாஸ்போர்ட் கிடையாது. வாக்கு கிடையாது. முகாமில் தணிக்கை நடக்கும் நாளில் வெளியூர் வேலையை விட்டு வந்து தலையைக் காட்ட வேண்டும். கியூ பிரிவுப் போலீஸாரின் பதிவேட்டில் அவன் பெயர் இருக்கும். தனியார் நிறுவனம் வேலைக்கு எடுத்தாலும் அடையாளச் சான்று கேட்கும் இடத்தில் சிக்கல் வரும். அதனால்தான் எஞ்சினியரிங் படித்தவர்களும் முகாம்களிலிருந்து பெயின்டிங் வேலைக்குக் கிளம்புகிறார்கள். அப்பா பெயின்ட் அடித்தார், மகனும் அதையே அடிக்கிறான், நடுவில் ஒரு பட்டம் மட்டும் சுவரில் தொங்குகிறது.

இதற்குச் சட்டம்தான் காரணம். அகதிகள் பற்றிய 1951ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. குடியுரிமைச் சட்டப்படி 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் யாராக இருந்தாலும் பிறப்பால் இந்தியர். அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பிறகு பிறந்தவருக்கு விதி இன்னும் இறுகியது: பெற்றோரில் ஒருவர் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்றால் குடியுரிமை இல்லை. பாஸ்போர்ட் இல்லாமல் படகில் வந்த அகதி, சட்டத்தின் கண்ணில் அந்தச் சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்.

மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண் இந்த 1987 விதியைக் காட்டி உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார். 2022 ஆகஸ்டில் அவர் இந்தியர் என்று தீர்ப்பு வந்தது, பாஸ்போர்ட் வாங்கினார், 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். அவருக்கு ஓர் ஆண்டும் சில மாதங்களும் தாமதமாக அதே முகாமில் ஒரு தம்பி பிறந்திருந்தால், அவனுக்கு அந்த உரிமை இல்லை. 2019இல் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தபோது பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்ற மூன்று நாடுகளின் சிறுபான்மையினருக்குச் சலுகை கிடைத்தது. இலங்கைத் தமிழர் அந்தப் பட்டியலில் இல்லை.

முகாமில் இருப்பவர்களில் கணிசமானோர் மலையகத் தமிழர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர்களின் முப்பாட்டன்கள் திருநெல்வேலி, மதுரை, திருச்சிச் சீமைகளிலிருந்து காபித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் போனவர்கள். இன்று அகதிகள் தங்கியிருக்கும் மண்டபம் முகாம்தான் அன்று தோட்டத்துக்குப் போகும் கூலிகளை நோய்த் தடுப்புக்காக அடைத்து வைத்த முகாம். 1948இல் இலங்கை அவர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் அவர்களைத் தலைக்கணக்குப் போட்டுப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சம் பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தவர்களில் பலர் கப்பல் நின்றுபோனதால் அங்கேயே தங்கினார்கள், பிறகு கலவரத்துக்கு அஞ்சிப் படகில் வந்தார்கள். வந்தபோது அவர்கள் அகதி. நம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் அவர்களின் குலதெய்வக் கோயில் இருந்தாலும்கூட.

ஆகவே, சோறும் கூரையும் கிடைக்கும் இடத்தை விட்டு ஒருவர் படகேறுகிறார் என்றால் அவர் எண்ணிப் பார்ப்பது தன் பசியை அல்ல. இருபது வருடம் கழித்துப் பிள்ளைக்கு வரப்போகும் நாளை எண்ணிப் பார்க்கிறார்.

“நம்ம பெரியவங்க முறையாக் கப்பலேறிப் போனாங்க. இவங்களும் முறையாப் போகலாமே!”

இந்தப் பேச்சு கடையநல்லூர்ப் பக்கம் வந்தால் எனக்குக் கூடுதல் வருத்தம். அவர்கள் சொல்வது பாதி சரி.

கைத்தறி நொடித்துப் போன காலத்தில், 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், கடையநல்லூர், தென்காசி முஸ்லிம் நெசவுக் குடும்பங்கள் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கிளம்பின. தமிழகத்தின் மற்ற ஊர் முஸ்லிம்களில் பெரும்பாலும் ஆண்கள் மட்டும் போய்ப் பணம் அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், கடையநல்லூர்க்காரர்கள் மனைவி மக்களோடு போய்த் தஞ்சோங் பகாரில் குடியேறினார்கள். 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கைத் தொடங்கினார்கள்; 1946இல் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள். பிழைக்கப் போன நெசவாளிகள் போன இடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளி கட்டினார்கள் என்பது இந்த மண்ணின் பெருமைகளில் ஒன்று.

அவர்கள் எப்படிப் போனார்கள்? நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ ரஜூலா போன்ற கப்பலில் டெக் டிக்கெட் எடுத்தார்கள். மேல்தளத்தில் பாயை விரித்தார்கள். ஒரு வாரத்துக்குள் பினாங்கு. டிக்கெட் வாங்கக் காசு இருந்தால் போதும். விசா என்று எதையும் யாரும் கேட்கவில்லை. 1953இல் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் புதிய குடிநுழைவுச் சட்டம் அமலுக்கு வந்த பிறகு அந்த வழி அடைபட்டது. அதற்கு முன் போனவர்கள் முறையாகப் போனவர்கள். அவர்களைப் போலவே ஏழையாக இருந்து, அதன் பிறகு போக நினைத்தவர்களுக்கு முறை என்று ஒன்று மிஞ்சவில்லை.

இன்றைக்கும் சென்னையிலிருந்து லண்டனுக்கோ டொரண்டோவுக்கோ விமானக் கட்டணம், படகுக்கு ஏஜென்ட் கேட்கும் தொகையில் சிறு பங்குதான். படகுக்கு ஆளுக்கு லட்சக்கணக்கில் கொடுக்கிறார்கள். அவ்வளவு பணம் வைத்திருப்பவர் ஏன் விமானத்தில் போகவில்லை என்ற கேள்வி நியாயமானது. இதற்கான பதிலில் நம் தமிழர்களுக்கே ஒரு பங்கு இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

1983க்குப் பிறகு ஈழத்துத் தமிழர்கள் விமானத்தில் ஏறி லண்டனில் இறங்கி அடைக்கலம் கேட்டார்கள். 1985 மே மாதம் பிரிட்டன் இலங்கையருக்கு விசா கட்டாயம் என்றது. காமன்வெல்த் நாடு ஒன்றின் குடிமக்களுக்கு பிரிட்டன் விசா விதித்தது அதுவே முதல்முறை. 1987 பிப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில் தமிழர்களின் குழு ஒன்று வந்து இறங்கியது. 58 பேரைத் திருப்பி அனுப்ப அதிகாரிகள் விமானத்துக்குக் கொண்டுபோனபோது, அவர்கள் ஓடுபாதையருகே உடையைக் களைந்து உள்ளாடையோடு நின்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்தப் படம் பத்திரிகைகளில் வந்தது. நீதிமன்றம் தலையிட்டு வெளியேற்றத்தை நிறுத்தியது. அடுத்த மாதமே பிரிட்டிஷ் அரசு ஒரு சட்டத்தை அறிவித்தது: உரிய ஆவணம் இல்லாத பயணியை ஏற்றிவரும் விமான நிறுவனமும் கப்பல் நிறுவனமும் ஆளுக்கு 1,000 பவுண்ட் அபராதம் கட்ட வேண்டும். இப்படிப்பட்ட சட்டங்கள் பணக்கார நாடுகள் பலவற்றிலும் வந்தன.

அன்று முதல் ஒருவர் அகதியா இல்லையா என்பதை முதலில் பார்ப்பவர் நீதிபதி இல்லை. போர்டிங் பாஸ் கொடுக்கும் கவுண்டரில் இருக்கும் ஊழியர். அவருக்குத் தெரிந்தது விசா இருக்கிறதா இல்லையா என்பது மட்டும். அகதியாக வர விரும்புகிறவருக்கென்று பெரும்பாலான தூதரகங்கள் விசா கொடுப்பதில்லை. அடைக்கலம் கேட்க வேண்டுமென்றால் அந்த நாட்டு மண்ணில் கால் வைத்திருக்க வேண்டும். கால் வைப்பதற்கு வழி கிடையாது. ஐ.நா. மூலம் மறுகுடியமர்வு என்ற வரிசை ஒன்று உண்டு. உலக அகதிகளில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒருவருக்குக்கூட அதில் இடம் கிடைப்பதில்லை.

விமானம் ஏற்றாதவரை ஏற்றிக்கொள்வது படகு. அபராதம் விதிக்க முடியாத, பெயர்ப் பலகை இல்லாத, கரை சேர்ந்ததும் கைவிட்டுவிடக்கூடிய பழைய மீன்பிடிப் படகு.

“எல்லாம் ஏஜென்ட் பண்ற வேலை”

ஏஜென்ட்டுகளை நான் நியாயப்படுத்த மாட்டேன். 2019 ஜனவரியில் கொச்சிக்கு வடக்கே முனம்பம் துறைமுகத்திலிருந்து நியூசிலாந்துக்கு என்று சொல்லி ஒரு படகு கிளம்பியது. டெல்லியில் வாழ்ந்த இலங்கைத் தமிழ் வம்சாவளியினர் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர், கைக்குழந்தைகளோடு ஏறினார்கள். எடை தாங்காது என்று விட்டுப்போன பைகள் கரையில் கிடந்தன. அதன் பிறகு அந்தப் படகைப் பற்றிய தகவலே இல்லை. பணம் வாங்கியவர்களைப் பிடித்துத் தண்டிக்க வேண்டும் என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

ஆனால் ஏஜென்ட் ஆசையை விதைத்ததால்தான் இவர்கள் கிளம்பினார்கள் என்பது காரணத்தைத் தலைகீழாகப் பார்ப்பது. குற்றாலத்தில் சீசன் நேரத்தில் அறை கிடைக்காதபோதுதான் புரோக்கர் முளைப்பான்; அறை கிடைக்கும் மாதத்தில் அவனுக்கு வேலை இல்லை. 1950க்கு முன் கடையநல்லூரிலிருந்து சிங்கப்பூருக்குப் போனவர்களுக்கு டிக்கெட் விற்றது கப்பல் கம்பெனி. அதே தேவை, அதே கடல். வழி அடைபட்ட பிறகு விற்பவர் மாறினார், விலை ஏறியது, படகு சிறுத்தது.

இன்னொன்றும் சொல்வார்கள்: கடலில் தத்தளிப்பவரைக் காப்பாற்றினால் இன்னும் நூறு பேர் வருவார்கள் என்று. இத்தாலி 2013 அக்டோபரில் தொடங்கிய கடல் மீட்பு நடவடிக்கை மீதும் இந்தக் குற்றச்சாட்டு எழுந்தது. ஓராண்டில் அது நிறுத்தப்பட்டது. 2015இல் படகுகள் குறையவில்லை. அந்த ஏப்ரலில் லிபியக் கடலில் ஒரே படகு கவிழ்ந்து எண்ணூறு பேர் அளவில் இறந்தார்கள். 2014 முதல் மத்தியதரைக் கடலில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் 30 ஆயிரத்தைத் தாண்டிவிட்டார்கள்.

“சண்டைக்குப் பயந்து வந்தா அகதி. சம்பாதிக்க வந்தா அகதியா?”

2022 மார்ச் 22 அன்று தனுஷ்கோடிப் பக்கம் இரண்டு குழுக்களாக 16 பேர் வந்தார்கள். ஒரு குழுவைப் படகுக்காரர் மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். குழந்தைகளோடு நின்றவர்களைக் கடலோரக் காவல்படை மீட்டது. இலங்கையில் அப்போது அரிசி, பால்மா, எரிவாயு, மருந்து எல்லாவற்றுக்கும் வரிசை. அடுத்த மாதம் அந்த நாடு வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. செப்டம்பரில் பணவீக்கம் 70 விழுக்காட்டை ஒட்டி நின்றது. அந்த ஆண்டு 200 பேருக்கு மேல் இப்படி வந்தார்கள்.

அவர்களைச் சம்பாதிக்க வந்தவர்கள் என்பதா, தப்பி வந்தவர்கள் என்பதா? வந்தவர்களில் சிலர் போர் முடிந்தபின் தமிழ்நாட்டு முகாமிலிருந்து சொந்த ஊருக்குத் திரும்பிப் போனவர்கள். திரும்பிய ஊரில் வீடு இடிந்து கிடந்தது, காணி கைவிட்டுப் போயிருந்தது, கையில் சேமிப்பு இல்லை. நெருக்கடி வந்ததும் முதலில் விழுந்தவர்கள் அவர்கள். போர் பறித்ததையும் விலைவாசி பறித்ததையும் அவர்களின் வாழ்க்கையில் தனித்தனியாகப் பிரிக்க முடியாது. அரசுக் கோப்பு மட்டும்தான் அப்படிப் பிரிக்கும். அவர்களை மண்டபம் முகாமில் தங்கவைத்துச் சோறு போட்டது தமிழ்நாடு அரசு; ஆனால் முறைப்படி அகதி என்ற பதிவு அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

2025 செப்டம்பர் 1 அன்று மத்திய அரசு ஓர் ஆணை வெளியிட்டது. 2015 ஜனவரி 9ஆம் தேதிக்குள் இந்தியாவில் தஞ்சம் புகுந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்கள் பாஸ்போர்ட், விசா இல்லாமல் இருப்பதற்காக இனி தண்டிக்கப்பட மாட்டார்கள். நாற்பது ஆண்டுக்குப் பிறகு வந்த இந்த விலக்கு வரவேற்க வேண்டிய ஒன்று. போகநல்லூர் முகாமில் இருப்பவர் போன்றவர்களின் தலைமேல் தொங்கிய ஒரு பயம் இதனால் நீங்குகிறது. குடியுரிமைக்கு இதில் வழி சொல்லவில்லை. அந்த மண்டபத்துப் பெண்ணுக்கு நீதிமன்றம் கொடுத்ததை, 1987 ஜூலைக்குப் பின் பிறந்த முகாம் பிள்ளைகளுக்குக் கொடுக்க நாடாளுமன்றத்தால் மட்டுமே முடியும். மணல்திட்டில் இறங்கிய குடும்பங்களோ 2015 என்ற தேதிக்கு ஏழு ஆண்டு பிந்தி வந்தவர்கள். இந்த ஆணையில் அவர்களுக்கு இடமில்லை.